சத்திரக்காரர் மகன் வரைந்த குமரி மலை

மேற்கே நாஞ்சில் நாட்டில் ஆனி, ஆடியில் சாரல் பெய்யும். வயல்கள் பச்சைப் பசேல் என்று இருக்கும். மலைக்குக் கிழக்கே நாங்குநேரிச் சீமையிலோ அந்த மாதங்களில் காற்றுதான் அதிகம். மேகங்கள் பெரும்பாலும் மலை உச்சியோடு நின்றுவிடும். காய்ந்த மண்ணும் பச்சை மலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது களக்காடு.

1792-ஆம் ஆண்டு அந்தப் பக்கம் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் தாமஸ் டேனியல். மற்றவர் அவருடைய அண்ணன் மகன் வில்லியம். அவர்கள் சண்டை போட வரவில்லை. வரி வசூலிக்கவும் வரவில்லை. படம் வரைய வந்தார்கள்!

ஏழ்மையில் பிறந்தவர்

தாமஸ் 1749-ல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை சத்திரம் நடத்தியவர். மகன் குதிரை வண்டிகளுக்குச் சாயம் பூசி, சின்னம் தீட்டும் வேலை கற்றார். பிறகு லண்டன் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் அங்கே ஓவியர்கள் அதிகம், வாங்குவோர் குறைவு. தந்தையை இழந்த வில்லியமையும் அவரே வளர்த்து வந்தார்.

இந்தியாவுக்குப் போனால் பிழைக்கலாம் என்று நினைத்தார். 1785-ல் கப்பல் ஏறினார். அப்போது வில்லியமுக்கு வயது 16. சீனா வழியாகச் சென்று, 1786-ல் கல்கத்தாவை அடைந்தார்கள்.

குலுக்குச் சீட்டு

அங்கே நகரக் காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். அந்தப் பணத்தில் இமயமலை அடிவாரம் வரை போய் வந்தார்கள். திரும்பியதும் கையில் பணம் இல்லை. என்ன செய்வது?

வரைந்த ஓவியங்களைப் பரிசாக வைத்துக் குலுக்குச் சீட்டு நடத்தினார்கள். சீட்டு விற்காவிட்டால் ஆறு ஆண்டு உழைப்பும் வீண். நல்ல வேளையாக விற்றது. அந்தப் பணம்தான் அவர்களைத் தெற்கே கொண்டுவந்தது.

1792 மார்ச்சில் சென்னைக்கு வந்தார்கள். மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. ரயில் கிடையாது. பல்லக்கு, மாடு, கால்நடை இவைதான். சேலம், திண்டுக்கல், மதுரை என்று வந்து பாபநாசம் அருவியை வரைந்தார்கள். களக்காட்டுக்கு அருகில் நின்று தெற்கு மலைகளை வரைந்தார்கள். களக்காடு கடற்கரை ஊர் அன்று. ஆனாலும் அந்தப் படத்துக்கு அவர்கள் கன்னியாகுமரி என்றே பெயர் வைத்தார்கள்!

ஒரு பெட்டியின் உதவி

புகைப்படம் இல்லாத காலம் அது. அவர்களிடம் கண்ணாடி வில்லை பொருத்திய ஒரு பெட்டி இருந்தது. வெளிக்காட்சி அதற்குள் நிழலாக விழும். அந்த நிழலின் மேல் கோடு போட்டால் அளவு தவறாது. அதன் பிறகு கையால் வண்ணம் தீட்டுவார்கள்.

ராமேசுவரம், தஞ்சைப் பெரிய கோயில், திருச்சி மலைக்கோட்டை எல்லாம் பார்த்துச் சென்னை திரும்பினார்கள். மறுபடியும் ஒரு குலுக்குச் சீட்டு! பிறகு பம்பாய் வழியாக 1794-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

பதின்மூன்று ஆண்டுகள்

வேலை அத்துடன் முடியவில்லை. ஒவ்வொரு படத்தையும் செப்புத் தகட்டில் ஏற்ற வேண்டும். தகட்டைத் திராவகத்தில் அரிக்க வேண்டும். மை பூசி அச்சிட வேண்டும். 1795 முதல் 1808 வரை இந்த வேலை நடந்தது. மொத்தம் 144 படங்கள். குமரி மலையும் அவற்றில் ஒன்று.

இந்தியாவையே பார்த்திராத மக்கள், நம் மலைகளையும் கோபுரங்களையும் இந்தப் படங்களில் பார்த்து வியந்தார்கள். தாமஸுக்குப் புகழ் வந்தது. 1799-ல் ராயல் அகாடமி அவரை உறுப்பினர் ஆக்கியது. பின்னாளில் வில்லியமும் அந்த இடத்தை அடைந்தார்.

தாமஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. வில்லியமே அவருக்குப் பிள்ளை போல இருந்தார். அந்தப் பிள்ளையும் 1837-ல் முந்திக்கொண்டார். தள்ளாத வயதில் தாமஸ் அந்தத் துயரையும் தாங்கினார். 1840-ல் கண்ணை மூடினார்.

இன்று ஒரு நொடியில் படம் எடுக்கிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். ஒரு மலையைக் காகிதத்தில் கொண்டுவர அவர் கடல் கடந்தார். ஓவியங்களைச் சீட்டில் வைத்தார். பல ஆண்டுகள் செதுக்கினார். அதனால்தான் 200 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குமரி மலை மங்காமல் நிற்கிறது.