அனந்தாழ்வான் வைபவம்: கைங்கர்யத்தில் இடையறாத நினைவு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருநக்ஷத்திரம்: சித்திரையில் சித்திரை
திருவவதார ஸ்தலம்: சிறுப்புத்தூர் (கிரங்கனூர்), கர்நாடக தேசம்
ஆசார்யன்: அருளாளப் பெருமாள் எம்பெருமானார்
பரமபதித்த இடம்: திருவேங்கடம்
அருளிச்செய்தவை: வேங்கடாசல இதிஹாஸமாலை, கோதா சதுச்லோகீ, ராமாநுஜ சதுச்லோகீ

தியானம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தனியிடமும் ஆசனமும் மூடிய கண்களும். இதற்குச் சாஸ்திரத்தில் இடமுண்டு. ப்ரஹ்ம ஸூத்ரத்தின் நான்காம் அத்தியாயம் முதற் பாதத்தில், உபாஸநம் அமர்ந்தே செய்யத்தக்கது என்று நிலைநாட்டப்படுகிறது. நிற்பவனுக்கும் நடப்பவனுக்கும் உடலைத் தாங்கும் முயற்சியால் மனம் சிதறும். படுத்தவனை உறக்கம் வெல்லும். ஆயினும் அதே இடத்தில், மனம் எங்கு ஒருமைப்படுகிறதோ அதுவே தகுந்த இடம் என்று அடுத்து ஒரு ஸூத்ரமும் அமைந்துள்ளது. ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் எம்பெருமானார் தியானத்தின் இலக்கணத்தை விளக்குகையில், எண்ணெய் ஒழுக்குப் போல இடையறாத நினைவு என்றும், அந்நினைவு முதிர்ந்து நேரில் காண்பதைப் போன்ற தெளிவை அடையும் என்றும், அது அன்பே வடிவானது என்றும் அருளிச்செய்துள்ளார்.

பொழுது விடிந்தால் உழைப்பும் குடும்பமும் காத்திருக்கும் ஒருவனுக்கு இந்த எண்ணெய் ஒழுக்கு எப்படிக் கூடும்? ஓய்ந்து அமரும் நாழிகை சிறிது. ஓடியாடும் நாழிகை பெரிது. நினைவு அறாதிருக்க வேண்டுமானால், அந்த ஓடியாடும் நாழிகைகளிலும் அது தொடர வேண்டும். இந்தக் கேள்விக்கு எம்பெருமானாரின் சிஷ்யர் ஒருவர் கடப்பாரையாலும் பூக்கூடையாலும் விடை சொல்லிச் சென்றார். அவரே அனந்தாழ்வான்.

மைசூர்ப் பிரதேசத்தில் அவதரித்த இவர், எச்சான், தொண்டனூர் நம்பி, மருதூர் நம்பி ஆகியோருடன் திருவரங்கம் வந்து எம்பெருமானாரை ஆச்ரயிக்க விரும்பினார். உடையவரோ அவர்களை அருளாளப் பெருமாள் எம்பெருமானாரிடம் அனுப்பிவைத்தார். அவர் முன்பு யஜ்ஞமூர்த்தி என்ற பெயருடன் உடையவரோடு பதினெட்டு நாள் வாதம் செய்து, பின் அவர் திருவடிகளில் சரணடைந்த மஹான். தம்மை நாடி வந்தவர்களை ஏற்றுக்கொண்டாலும், குருவி தலையில் பனங்காயை வைத்தாற்போலத் தமக்கு இது பெரும் பாரம் என்று சொல்லி, உடையவர் திருவடிகளையே தஞ்சமாகப் பற்றியிருக்கும்படி அவர்களுக்கு உபதேசித்தார். தாமே தலைவர் என்ற எண்ணம் சிறிதும் இல்லாத ஆசார்யனிடம் கற்ற முதற்பாடம் இது. அனந்தாழ்வானின் வாழ்நாள் முழுதும் இதன் சாயலைக் காணலாம்.

ஒருநாள் திருவரங்கத்தில் உடையவர் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்துகொண்டிருந்தார். மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி வந்தது. திருவேங்கடமுடையானுக்கு எக்காலத்தும் குறைவற்ற அடிமை செய்ய வேண்டும் என்று நம்மாழ்வார் பாரிக்கும் பதிகம் அது. நித்யஸூரிகள் திருமலையில் பூக்களைத் தூவிப் பணிவதை ஆழ்வார் பேசும் இடத்தில் உடையவரின் திருக்கண்கள் கலங்கின. திருமலையில் பூவுக்குக் குறைவில்லை. அதைப் பறித்துத் தொடுத்துச் சாற்ற அங்கேயே தங்கியிருக்கும் அடியார் இல்லையே என்ற ஏக்கம் அது. அக்கைங்கர்யத்தை ஏற்பார் உண்டோ என்று கோஷ்டியை நோக்கிக் கேட்டார். ஒருவரும் எழவில்லை. திருமலையின் குளிர் ஒரு காரணம். உடையவரைப் பிரிந்திருக்க வேண்டுமே என்பது அதனினும் பெரிய காரணம். அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். உடையவர் மகிழ்ந்து, இந்தக் கோஷ்டியில் இவரே ஆண்பிள்ளை என்று கொண்டாடினார். அதுமுதல் அனந்தாண்பிள்ளை என்ற திருநாமமும் இவருக்கு வழங்கலாயிற்று.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். திருமலைக்குப் போவது இவருடைய சொந்த விருப்பத்தில் பிறந்த திட்டம் அன்று. ஆசார்யன் திருவுள்ளத்தில் இருந்த ஒரு குறையைத் தீர்க்கவே புறப்பட்டார். இவர் எடுத்த ஒவ்வொரு மண்வெட்டி மண்ணிலும் உடையவர் நினைவு கலந்திருந்தது. செய்யும் வேலை யாருடையது என்பது மறவாதிருந்தால், வேலையே நினைவைச் சுமந்து செல்லும் ஓடமாகிவிடும். திருமலையில் இவர் அமைத்த நந்தவனத்துக்கும் வெட்டிய ஏரிக்கும் ராமாநுஜன் திருநாமத்தையே இட்டார். ராமாநுஜ நந்தவனம் என்றும் ராமாநுஜப் புத்தேரி என்றும் நாள்தோறும் சொல்லிச் சொல்லி வேலை செய்பவருக்குத் தனியே ஒரு ஜபம் தேவைப்பட்டிருக்குமோ?

ஏரி வெட்டிய வரலாறு அனைவரும் அறிந்ததே. ஆயினும் நிதானமாக அநுபவிக்க வேண்டியது. அனந்தாழ்வான் கடப்பாரையால் மண்ணைத் தோண்ட, கருவுற்றிருந்த தேவிகள் அதைக் கூடையில் சுமந்து சென்று கொட்டிவந்தார். பிறர் உதவியைக் கொள்ளாமல் தாங்களே செய்ய வேண்டும் என்பது இவரது உறுதி. திருவேங்கடமுடையான் ஒரு சிறு பிள்ளையாக வந்து உதவுவதாகச் சொன்னான்; இவர் மறுத்துவிட்டார். பிள்ளையோ விடவில்லை. அம்மையாரிடம் சென்று, வழியில் கூடையை வாங்கித் தானே சுமந்து கொட்டிவிட்டு வந்தான். போன வேகத்தில் தேவிகள் திரும்பி வருவதைக் கண்டு ஐயுற்ற அனந்தாழ்வான் நடந்ததை அறிந்தார். தம் கைங்கர்யத்தில் ஒருவன் பங்கு கொண்டான் என்ற சினம் மேலிட, பிள்ளையைத் துரத்திக் கடப்பாரையை வீசினார். அது அவன் மோவாயில் பட்டது. பிள்ளை ஓடி மறைந்தான். ஸந்நிதியில் அர்ச்சகர்கள் பார்க்கையில் எம்பெருமானின் திருமோவாயிலிருந்து குருதி பெருகிக்கொண்டிருந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த அனந்தாழ்வான் துடித்து அழுதார். குருதி நிற்கப் பச்சைக் கற்பூரம் வைக்கப்பட்டது. இன்றும் திருவேங்கடமுடையான் திருமோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றப்படுவதும், கோயில் மஹாத்வாரத்தில் அந்தக் கடப்பாரை தொங்குவதும் இந்த ஐதிஹ்யத்தின் அடையாளங்கள்.

கைங்கர்யத்தில் இவருக்கிருந்த ஆசையின் எல்லையைக் காட்டவே பெரியோர்கள் இதனை எடுத்துரைப்பர். அத்தகைய அடியாரிடம் குறை காண நாம் தக்கவர்கள் அல்லோம். ஆனால் நமக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எவனுக்காக வெட்டினாரோ அவனே எதிரில் வந்து நின்றபோது, வேலையில் ஊன்றிய கண்ணுக்கு அவன் தெரியவில்லை. கருவுற்றவளின் களைப்பை முதலில் கண்டவன் எம்பெருமான். நம் பூஜை நேரத்தில் குறுக்கே வரும் குழந்தையும், நம் பாராயணத்தின் நடுவே உதவி கேட்டு நிற்கும் வீட்டாரும் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டோ? என் கைங்கர்யம் என்று சொல்லும்போது, முதற்சொல் இரண்டாம் சொல்லை விழுங்கிவிடலாகாது. மஹாத்வாரத்தைக் கடக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கடப்பாரை நமக்கு இதனை நினைவூட்டட்டும்.

ஏரியில் நீர் நிறைந்தது, நந்தவனம் பூத்தது. பூப்பறித்தலும் மாலை தொடுத்தலும் நாள் வழக்கமாயின. பாஞ்சராத்ர சாஸ்திரம் வைஷ்ணவனின் நாளை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என ஐந்து காலங்களாகப் பகுக்கிறது. இவற்றுள் உபாதானம் என்பது ஆராதனத்துக்கு வேண்டியவற்றைத் தேடிச் சேர்க்கும் காலம். பறித்துச் சேர்ப்பதும் ஆராதனத்தின் அங்கமே. யோகத்தோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுவது. அனந்தாழ்வானின் நாளோ பெரும்பகுதி உபாதானமாகவே கழிந்தது. அவருக்கு அதிலேயே மற்ற நான்கும் கலந்திருந்தன என்னலாம்.

ஒருமுறை இவர் மாலை தொடுத்துக்கொண்டிருக்கையில் திருவேங்கடமுடையான் அழைத்து வரும்படி ஆளனுப்பினான். இவர் எழவில்லை. தொடுத்து முடித்து, மாலையோடு ஸந்நிதிக்குச் சென்றார். காலம் தாழ்த்தியதன் காரணத்தை எம்பெருமான் வினவ, மலரும் பருவத்தில் உள்ள மொட்டுகளை விட்டு வர இயலாது என்றும், ஆசார்யன் தமக்கு விதித்தது புஷ்ப கைங்கர்யமே என்றும் விண்ணப்பித்தார். இம்மலையை விட்டே உம்மைப் போகச் சொன்னால் என்ன செய்வீர் என்று எம்பெருமான் மேலும் சோதித்தான். தேவரீரும் வேறோர் இடத்திலிருந்து வந்து இம்மலையில் சேர்ந்தவர்தாமே, தமக்குச் சிறிது முன்னே வந்தவர் என்பது ஒன்றுதானே வேறுபாடு என்று இவர் அஞ்சாமல் பதிலளித்தார். எம்பெருமான் உகந்தான். உள்ளம் அவனிடம் இல்லாதவரால் இப்படி உரிமையோடு பேச முடியாது. கை பூவில் இருந்தது. நினைவு அவனிடம் இருந்தது. ஆகவே அழைப்புக்கு எழாததும் அவனை மறந்ததாகவில்லை.

மற்றொரு நாள் பூப்பறிக்கையில் நாகம் தீண்டியது. உடனிருந்தவர்கள் பதறி விஷத்தை இறக்க முனைந்தார்கள். இவர் இசையவில்லை. கடித்த பாம்பு வலியதாயின் விரஜையில் நீராடிப் பரமபதத்தில் கைங்கர்யம் செய்வோம். கடியுண்ட பாம்பு வலியதாயின் ஸ்வாமி புஷ்கரிணியில் நீராடி இங்கே கைங்கர்யம் செய்வோம் என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தார். இந்த உடலையும் ஒரு பாம்பாகவே எண்ணிப் பேசியது நோக்கத்தக்கது. இரண்டு வழியிலும் முடிவு கைங்கர்யமே என்றானபின் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? மருந்தை மறுத்தது அவருடைய நிலை. நாம் அதைப் பின்பற்ற முற்படலாகாது. எது நேரினும் நினைவு திசைமாறாத அந்தத் தெளிவே நாம் ஆசைப்படத்தக்கது.

பிற உயிர்களிடத்தும் இந்த நினைவு தொடர்ந்தது. ஒருசமயம் திருமலையிலிருந்து புறப்பட்டு நெடுவழி சென்றபின், கட்டிக் கொண்டுவந்த ப்ரஸாதத்தை அவிழ்த்தபோது அதில் எறும்புகள் இருக்கக் கண்டார். திருமலையில் ஏதேனும் ஒன்றாய்ப் பிறந்துகிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் குலசேகரப்பெருமாள். அத்தகையோரில் ஒருவர் இந்த வடிவில் அங்கு வாழ்ந்திருக்கக்கூடுமே, அவரைப் பிரித்துக் கொண்டுவந்துவிட்டோமே என்று நடுங்கி, வந்த வழியே மலையேறிச் சென்று அவற்றை அங்கே விட்டுவந்தார். பாசுரத்தைக் கற்பது வேறு, பாசுரத்தின் கண்ணால் எறும்பைப் பார்ப்பது வேறு.

பராசர பட்டரிடம் ஒரு ஸ்ரீவைஷ்ணவர் சென்று, வைஷ்ணவனின் இலக்கணம் யாது என்று கேட்டார். பட்டர் அவரை அனந்தாழ்வானிடம் அனுப்பினார். அவர் வந்த சமயம் அனந்தாழ்வான் திருமாளிகையில் ததீயாராதனம் நடந்துகொண்டிருந்தது. வந்தவருக்கு இடம் கிடைக்கவில்லை. எல்லோரும் அமுது செய்யும்வரை காக்க வைக்கப்பட்டார். அவர் முகம் சுளிக்காமல் நின்றார். பின்னர் அனந்தாழ்வான் அவரைத் தம்மோடு அமர்த்தி அமுது செய்வித்து, வந்த காரியம் கேட்டார். பட்டரின் நியமனத்தை அவர் சொல்லவும், கொக்குப் போலவும் கோழி போலவும் உப்புப் போலவும் இருப்பான், உம்மைப் போலவும் இருப்பான் என்று விடையளித்தார்.

கொக்கு நீரில் அசையாது நின்று, தனக்குரிய மீன் வரும்வரை காத்திருக்கும். கோழி குப்பையைக் கிளறினாலும் குப்பையைக் கொள்ளாது, மணியைப் பொறுக்கும். உப்பு உணவில் கரைந்து தன்னைக் காட்டிக்கொள்ளாது. இல்லாதபோதே அதன் அருமை தெரியும். காத்திருத்தல், சாரத்தைக் கொள்ளுதல், தான் தோன்றாதிருத்தல் என்னும் இம்மூன்றும் தியானம் செய்பவனுக்கும் வேண்டியவையே. ஆனால் அனந்தாழ்வான் அவற்றை யோக நூலிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. நீர்க்கரையிலும் குப்பைமேட்டிலும் அடுக்களையிலும் கண்டு சொன்னார். நான்காவதாக, பந்தியில் அவமதிப்பு நேர்ந்தபோதும் கலங்காது நின்றவரையே உதாரணமாகக் காட்டினார். தனியிடத்தில் வாய்த்த அமைதி பந்தி வாசலில் நிற்கிறதா என்பதே உரைகல்.

எம்பெருமானார் பரமபதத்துக்கு எழுந்தருளுமுன் சிஷ்யர்களுக்கு அருளிய கடைசி நியமனங்களில், ஸ்ரீபாஷ்யத்தையும் அருளிச்செயலையும் ஓதி ஓதுவித்தல், திவ்யதேசங்களில் திருமாலை, திருவிளக்கு முதலிய கைங்கர்யங்களைச் செய்தல், த்வயத்தின் பொருளை அநுஸந்தித்தல் ஆகியவை சேர்ந்தே இடம்பெறுகின்றன. ஓதுவதும் தொடுப்பதும் உள்ளே நினைப்பதும் அவர் திருவுள்ளத்தில் ஒரே வாழ்வின் கூறுகள். ப்ரபந்நனுக்கு இந்நினைவு மோக்ஷத்தை விலைக்கு வாங்கும் ஸாதனம் அன்று. அதுவே இனிய பயன். பயனை அநுபவிப்பதற்கு வேலை எப்படித் தடையாகும்?

இன்றும் ப்ரஹ்மோத்ஸவம் நிறைவுற்ற மறுநாள் பாக்சவாரி உத்ஸவத்தில் திருமலையப்பன் அப்ரதக்ஷிணமாக அனந்தாழ்வான் தோட்டத்துக்கு எழுந்தருளுகிறான். திருவாடிப்பூரத்தன்று உபய நாச்சிமாரோடு அத்தோட்டத்தில் எழுந்தருள, அங்குள்ள மகிழ மரத்துக்கு மாலையும் சடாரி மரியாதையும் நடக்கின்றன. ஆசார்யன் சொன்ன ஒரு வேலையை ஆயுள் முழுதும் செய்தவரைத் தேடிப் பெருமாளே வருகிறான்.

அடியார்கள் இன்று உலகெங்கும் பரவி வாழ்கின்றோம். நந்தவனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாசலில் ஒரு துளசி, திருவாராதனத்துக்கு ஒரு சரம் பூ, தளிகைக்குக் களையும் அரிசி, அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் த்வயம் என ஏதேனும் ஒரு வேலையில், இது யாருடையது என்ற நினைவைத் தொடுத்துவைப்போம். அறுந்தால் முடிச்சிட்டு மீண்டும் தொடுப்போம். மாலை அப்படித்தான் நீள்கிறது.

அனந்தாழ்வான் திருவடிகளே சரணம்.
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.