பிரஷ் எதுக்குன்னு கேட்ட மாணவர்

ரோபோ வார் போட்டிக்கு பாட் கட்டுறீங்களா? அப்போ உங்க டீம்ல இந்தச் சண்டை கண்டிப்பா வந்திருக்கும்: பிரஷ்டு மோட்டாரா, பிரஷ்லெஸ் மோட்டாரா? கிட்டத்தட்ட 150 வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு காலேஜ் ஸ்டூடண்ட்தான். பேர் நிகோலா டெஸ்லா.

1856ல், இன்றைய குரோயேஷியாவில் இருக்கும் ஸ்மில்யான் என்ற கிராமத்தில் பிறந்தார். 1875ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தார். அங்கே வகுப்பில் ஒரு கிராம் டைனமோவை மோட்டாராக ஓட்டிக் காட்டினார்கள். பிரஷ் உரசும் இடத்தில் ஒரே தீப்பொறி. பிரஷ் இல்லாமலே ஓட்ட முடியாதா என்று கேட்டார் டெஸ்லா. அது நடக்காத காரியம் என்று பேராசிரியர் விளக்கம் கொடுத்தார். ஆனாலும் கேள்வி டெஸ்லாவை விடவில்லை.

பிரஷ் என்ன வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க. ரோட்டார் தொடர்ந்து சுத்தணும்னா, அதோட காயிலில் கரண்ட் சரியான நேரத்தில் திசை மாறணும். பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் சேர்ந்து செய்யுறது அந்த ஸ்விட்ச் வேலைதான். ஆனா உரசிக்கிட்டே செய்யுது. அதனால தேய்மானம், சூடு, பொறி எல்லாம் கூடவே வரும்.

கிராட்ஸில் டெஸ்லா டிகிரி வாங்கவே இல்லை. சூதாட்டத்தில் விழுந்து, படிப்பைப் பாதியில் விட்டார். 1882ல் புடாபெஸ்ட் பூங்காவில் நண்பருடன் நடந்தபோதுதான் விடை கிடைத்தது என்று பின்னாளில் எழுதினார். அசையாத ஸ்டேட்டர் காயில்களுக்கு, ஒன்றுக்கு அடுத்து ஒன்று கொஞ்சம் பிந்தி வரும் ஏசி கரண்ட்டைக் கொடுத்தால் காந்தப்புலமே சுழலும். ரோட்டார் அதன் பின்னாலேயே ஓடும். பிரஷ் தேவையில்லை. இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும் தனியாக இதே யோசனைக்கு வந்து சேர்ந்தார்.

1884ல் நியூயார்க் போனார். எடிசன் கம்பெனியில் சில மாதம் வேலை. அடுத்து தொடங்கிய கம்பெனியில் முதலீட்டாளர்கள் கைவிட்டார்கள். பள்ளம் தோண்டும் கூலி வேலைக்குப் போனார். 1888ல் மோட்டார் பேட்டன்ட் கிடைத்தது. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி அதை லைசென்ஸ் எடுத்தது.

இங்கே சுபம் போட முடியாது. வெஸ்டிங்ஹவுஸ் சப்ளை அப்போது சிங்கிள் ஃபேஸ், 133 ஹெர்ட்ஸ். டெஸ்லா மோட்டாருக்கு வேண்டியது ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஸ், 60 ஹெர்ட்ஸ் பக்கம். பிட்ஸ்பர்க்கில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் ரெண்டும் பொருந்தவில்லை. கடைசியில் மாறியது மோட்டார் இல்லை, சப்ளைதான். 1896ல் நயாகராவிலிருந்து பஃபலோ நகரத்துக்குப் போன மின்சாரம் அவர் சொன்ன மாதிரி பல ஃபேஸ் ஏசி.

உங்க பாட்டுக்கும் இதே கதைதான். மோட்டாரை மட்டும் தனியாப் பார்த்து வாங்காதீங்க. 1000 கேவி மோட்டாரை 11.1 வோல்ட் பேட்டரியில் போட்டா, லோடு இல்லாம சுமார் 11,100 ஆர்பிஎம். லோடு ஏறினா வேகம் குறையும், கரண்ட் எகிறும். அந்தக் கரண்ட்டை பேட்டரியும் ஈஎஸ்சியும் தாங்குமான்னு முதல்ல பாருங்க. இன்றைய பிரஷ்லெஸ் மோட்டாரில் ரோட்டார் நிரந்தரக் காந்தம், டெஸ்லாவோடது இண்டக்‌ஷன். ஆனா சுழலும் காந்தப்புலம் ரெண்டுக்கும் பொது. கம்யூட்டேட்டர் வேலையை இப்போ ஈஎஸ்சி செய்யுது. அதிவேகமா சுத்துற வெப்பனுக்கு இது பொருத்தம். நின்ன இடத்திலிருந்து அடிக்கடி தள்ள வேண்டிய வீலுக்கு, கியர் வெச்ச பிரஷ்டு மோட்டார் இன்னைக்கும் நல்லாவே உழைக்கும். பொறி வருதுன்னு அதைக் கேவலமா நினைக்காதீங்க.

1898ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டெஸ்லா ஒரு சின்னப் படகை ரேடியோ மூலம் ஓட்டிக் காட்டினார். உள்ளே பேட்டரி, மோட்டார், ரிசீவர். உங்க பாட்டைத் திறந்து பாருங்க, அதேதான் இருக்கும்.

1943 ஜனவரியில், நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் தனியாக இறந்தார். வயது 86. கையில் காசு இல்லை, படித்து வாங்கிய டிகிரியும் இல்லை. நாளைக்கு வகுப்பில் உங்களுக்கு ஒரு கேள்வி தோணி, அது நடக்காதுன்னு பதில் வந்தா, அதை நோட்டில் எழுதி வையுங்க. அவருக்கு அஞ்சாறு வருஷம் ஆச்சு.