மூன்றாம் தடவை பாஸான விஞ்ஞானி
(டாக்டர் சுப்பாராவ் வாழ்க்கை வரலாறு)



விஞ்ஞானி வரலாறு என்றால் எல்லாரும் சர் சி.வி. ராமன், அப்துல் கலாம் என்றுதான் எழுதுவாங்க. நான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் பற்றி எழுதுகிறேன். இவர் கண்டுபிடித்தது நம்ம எல்லார் வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது! எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

பிறப்பும் படிப்பும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி பீமவரத்தில் பிறந்தார். அது இப்போது ஆந்திராவில் இருக்கிறது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் நிறையப் பிள்ளைகள், பணக் கஷ்டம். சின்ன வயதில் படிப்பு பிடிக்காமல், காசிக்குப் போய் யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அம்மா விடவில்லை, திரும்பவும் பள்ளிக்கூடம்தான். மெட்ரிகுலேசன் பரீட்சையில் இரண்டு தடவை பெயில். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது தடவைதான் பாஸானார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது காந்திஜி வெள்ளைக்காரத் துணி வேண்டாம் என்று சொன்ன காலம். இவர் ஆபரேசன் அறைக்குக் கதர் அங்கி போட்டுக் கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் இறந்து போனார்கள். அந்த நோய்க்கு ஸ்ப்ரூ என்று பெயர். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் பேதியாகி, ரத்தம் குறைந்து ஆள் மெலிந்து விடும். அப்போது அதற்கு மருந்து இல்லை. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

அமெரிக்காவில்

கொஞ்ச நாள் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு மாமனார் பண உதவி செய்ய, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குக் கப்பலில் போனார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, ஆனால் சம்பளம் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்து நோயாளிகளின் மலம், சிறுநீர்ப் பாத்திரங்களைக் கழுவினார். டாக்டருக்குப் படித்தவர் இந்த வேலையைச் செய்தார் என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அங்கே ஃபிஸ்கே என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். நம் தசைக்குச் சக்தி தருகிற ஏ.டி.பி. என்ற பொருளைப் பற்றி 1929இல் எழுதினார்கள். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கொடுக்கவில்லை. 1940இல் லெடர்லி என்ற மருந்து கம்பெனிக்குப் போனார். அங்கே இவர் தலைமையில் பெரிய குழுவே வேலை செய்தது. 1945 வாக்கில் போலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அது எந்த நோயைக் குணமாக்கியது தெரியுமா? ஸ்ப்ரூ நோயை! தம்பி அண்ணன் செத்துப் பல வருசம் ஆகியிருந்தது.

ரத்தப் புற்றுநோய்

இனிமேல்தான் முக்கியமான விசயம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுவதுதான் ரத்தப் புற்றுநோய். அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு இது வந்தால் சில வாரம் அல்லது சில மாதத்தில் இறந்து விடுவார்கள். ரத்தம் ஏற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு டாக்டர். போலிக் அமிலம் ரத்தம் ஊற உதவுகிறதே, அது இந்தப் பிள்ளைகளுக்கும் உதவுமா என்று நினைத்து, சுப்பாராவ் குழு அனுப்பிய போலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆனால் நடந்தது தலைகீழ். கெட்ட அணுக்கள் இன்னும் வேகமாகப் பெருகியது போலத் தெரிந்தது!

இதை மூடி மறைத்திருக்கலாம். ஆனால் ஃபார்பர் மறைக்கவில்லை. போலிக் அமிலம் கொடுத்தால் புற்றுநோய் வளர்கிறது என்றால், அது கிடைக்காமல் செய்தால் புற்றுநோய் வாடுமே என்று யோசித்தார். சுப்பாராவ் குழுவிடம் போலிக் அமிலத்துக்கு எதிரி மருந்துகள் இருந்தன. அவை பார்க்கப் போலிக் அமிலம் மாதிரியே இருக்கும். ஆனால் கள்ளச்சாவி மாதிரி. பூட்டுக்குள் நுழையும், திறக்காது, நல்ல சாவியையும் நுழைய விடாது. போலிக் அமிலம் இல்லாமல் அணு இரண்டாகப் பிரிய முடியாது. அதில் ஒரு மருந்தின் பெயர் அமினோப்டெரின்.

பதினாறு குழந்தைகள்

1947 டிசம்பர் கடைசியில் அமினோப்டெரினைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் குறைந்தது. 1948 ஜூனில் மருத்துவப் பத்திரிகையில் வெளியானது. மருந்து கொடுத்துக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் குறைந்தது என்று டாக்டர்கள் தெளிவாகப் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் பிழைத்து விட்டார்கள் என்று நான் எழுதினால் பொய். நோய் சில மாதத்தில் திரும்பி வந்தது. வாயெல்லாம் புண்ணும் வந்தது. 6 பேருக்குப் பலன் இல்லை. அதையும் சேர்த்துத்தான் ஃபார்பர் எழுதினார். 10 பேர் கதையை மட்டும் எழுதியிருந்தால் அடுத்த டாக்டர் ஏமாந்திருப்பார்.

சுப்பாராவ் அதற்கு மேல் பார்க்கவில்லை. 1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. ஊருக்குத் திரும்பி வரவே இல்லை. அவருக்காக இந்தியாவில் காத்திருந்த மனைவியையும் கடைசி வரை பார்க்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லையே என்று எல்லாரும் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த அம்மாவை நினைத்துத்தான் வருத்தமாக இருக்கிறது.

அமினோப்டெரினின் தம்பி மாதிரி லெடர்லியில் செய்த இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்சேட். அதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, சோதனை மேல் சோதனை செய்து முன்னேறினார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்றுநோயில், நல்ல வசதி உள்ள நாடுகளில் இன்று 100க்குச் சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் இன்றும் கொடுக்கிறார்கள். எலும்பு மஜ்ஜையில் வருகிற மைலோமா புற்றுநோய்க்கு வரும் புது மருந்துகளும் இப்படிச் சோதித்த பிறகுதான் வருகின்றன.

எலி மாதிரியா?

மருந்துச் சோதனை என்றாலே, மனுசங்களை எலி மாதிரி வைத்துப் பார்க்கிறாங்க என்று ஊரில் பேசுவாங்க. அந்தப் பயம் தப்பு இல்லை. உலகத்தில் ஏழைகளிடம் சொல்லாமலே சோதனை செய்த கொடுமைகளும் நடந்திருக்கின்றன. அதனால்தான் இப்போது சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் 2019இல் புது விதிகள் வந்தன. நோயாளிக்குப் புரிகிற மொழியில் எல்லாம் விளக்க வேண்டும். அவர் சம்மதித்தால் மட்டும்தான் சேர்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக் கொள்ளலாம். நாம் படித்தவர்களாக இருந்தால் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். கையெழுத்துப் போடும் முன் கேள்வி கேட்கவும் தெரியும்.

உங்களுக்குத் தெரியுமா?

* பள்ளியில் நமக்குத் தருகிற இரும்புச்சத்து மாத்திரையில் போலிக் அமிலமும் இருக்கிறது.
* யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் சுப்பாராவ் குழு செய்ததுதான். 1947இல் வந்தது.
* இவருடைய நூற்றாண்டுக்காக 1995இல் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

அடுத்த தடவை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ஜன்னல் வழியே எறியாதீங்க. மெட்ரிகுலேசனில் இரண்டு தடவை பெயிலான ஒருத்தரையும், அந்தப் பதினாறு பிள்ளைகளையும் நினைத்துக் கொண்டு தண்ணீர் குடித்து விழுங்குங்கள். 

— ஒன்பதாம் வகுப்பு மாணவி