விவசாயிக்கு வேண்டாத பூ... அதுக்காகவே காத்திருந்த விஞ்ஞானி!

கார்த்திகை, மார்கழியில நாமக்கல்லிலிருந்து மோகனூர் பக்கம் போயிருக்கீங்களா? சில கரும்புத் தோட்டங்களுக்கு மேல வெள்ளி நிறத்துல பூங்கதிர் ஆடும். உங்களுக்கு அது ரீல்ஸ், தோட்டக்காரருக்குக் கவலை. பூ எடுத்துட்டா கரும்பு அதுக்கு மேல வளராது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வர ரொம்ப லேட்டானா, உள்ளே தக்கை பாய்ஞ்சு சாறு குறைஞ்சிடும்.

அந்தப் பூவையே நம்பி வேலை பார்த்தவர், 1884-ல் பிறந்த தாவரவியலாளர் சர் டி.எஸ்.வெங்கட்ராமன்.

அன்னிக்கு இந்தியா, ஜாவாவிலிருந்து சர்க்கரை வாங்கிட்டிருந்தது. வட இந்தியக் கரும்பு மெலிசு, விளைச்சலும் கம்மி. தெற்கத்தித் தடிக்கரும்போ அந்தக் குளிரைத் தாங்காது. புது ரகம் வேணும்னா ரெண்டு செடிகளோட பூக்களைச் சேர்க்கணும். ஆனா, வடக்கே கரும்பு சரியா பூக்காது. ஏன்?

கரும்பு பூக்க, பகல் சுமார் 12½ மணி நேரமா இருந்து, மெள்ள மெள்ளக் குறையணும். ராத்திரி ரொம்பக் குளிரக் கூடாது, மண்ணுல ஈரமும் வேணும். வடக்கே கோடைப் பகல் ரொம்ப நீளம். அப்புறம் சட்டுனு குறையும், கூடவே குளிரும் வந்துடும். கோயம்புத்தூர்ல பகல் நிதானமா குறையுறதால, கரும்புக்குப் பூக்க அவகாசம் கிடைக்குது. அதனாலதான் 1912-ல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் அங்கே வந்தது. பகல் நீளத்துக்கும் பூவுக்குமான கணக்கை அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் 1920-ல்தான் உலகத்துக்குச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடியே, கண்ணால பார்த்ததை வெச்சு ஊரைத் தேர்ந்தெடுத்துட்டாங்க!

அங்கே சி.ஏ.பார்பரும் வெங்கட்ராமனும் தடிக்கரும்போட காட்டு நாணலைச் சேர்த்தாங்க. இனிப்பு ஒரு பக்கம், எதையும் தாங்கும் வலு மறுபக்கம். அப்படிப் பிறந்த கோ 205, 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போய், உள்ளூர் ரகத்தைவிடக் கூடுதலா விளைஞ்சது.

பார்பருக்கு அப்புறம் நிலையத்தின் பொறுப்பை ஏற்ற வெங்கட்ராமன், 1942 வரைக்கும் அங்கேயே இருந்தார். தெற்கே கொடிகட்டிப் பறந்த கோ 419 அவர் காலத்து ரகம். சோளத்தோடவும் மூங்கிலோடவும்கூட கரும்பைச் சேர்த்துப் பார்த்தார். 1956-ல் பத்மபூஷண் விருது; 1963-ல் மறைவு.

பரமத்திவேலூர் வெல்லம் வாங்கினா, கரும்பு என்ன ரகம்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் 'கோ'ன்னுதான் ஆரம்பிக்கும். அது கோயம்புத்தூரோட முதல் எழுத்து. வயல்ல வேண்டாம்னு ஒதுக்குற பூ, ஆராய்ச்சி நிலையத்துல மலர்ந்ததாலதான் அந்தப் பேரே வந்தது!