பொறியைப் பிரித்துப் பார்த்தவர்

கண்டிக்கு வீதியும் வண்டியும் புதியனவல்ல. கொழும்பிலிருந்து மலையேறி வரும் பெருவீதியை அமைக்க உழைத்து 1829இல் மறைந்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையிலே இன்றும் நிற்கின்றது. 1832இல் அவ்வீதியிலே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1854இல் ஜோன் வாக்கர் என்பார் கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய இயந்திரங்களுக்கெனக் கண்டியிலே தொழிலகம் ஒன்றை நிறுவினார். 1867இல் புகைவண்டியும் வந்து சேர்ந்தது. இத்துணையும் முன்னரே வாய்த்த நம் நகரம், பிறர் செய்த மோட்டார் வண்டிகளைச் செப்பனிடும் நகரமாக நின்றுவிட்டது. பருத்திக் காடுகள் சூழ்ந்திருந்த கோயம்புத்தூரோ பொறிகளைப் படைக்கும் நகரமாயிற்று. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று ஒரு மனிதர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் நம் தோட்டங்களை விட்டுக் கப்பலேறிய உறவினர் பலர் கோவை, நீலகிரிப் பக்கங்களிலே குடியேறினர் ஆதலின், அவ்வூர்ப் பெரியார் ஒருவரின் வரலாறு நமக்கு அயலாரின் கதையன்று.

கோபாலசாமி துரைசாமி நாயுடு, சுருங்கச் சொன்னால் ஜி. டி. நாயுடு, 1893 மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்திலே பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. ஆசிரியர்மீது மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடியவர் என்பர். ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு கழித்த எனக்கு இதனை எழுதக் கை கூசுகின்றது. எனினும், உள்ளதை மறைத்தால் அது வரலாறாகாது.

அவ்வூர்ப் பக்கமாக வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஒருநாள் மோட்டார்ச் சைக்கிளிலே வந்தார். மாடுமின்றிக் குதிரையுமின்றித் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்ட இளைஞருக்கு உறக்கம் போயிற்று. கோவைக்குச் சென்று உணவுச்சாலை ஒன்றிலே பரிமாறும் பணியில் அமர்ந்தார். ஆண்டுக்கணக்கிற் காசு சேர்த்தார். அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பரப்பி வைத்து, ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அங்கே இருக்கின்றது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற கல்லூரி அதுவே. என் வகுப்பிலும் நன்னூற் சூத்திரம் ஒன்றேனும் நாவில் நில்லாத மாணவர் சிலர் இருந்தனர். அவர்கள் பின்னாளிற் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜ்களிலே கியர்ப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவதைக் கண்டு வியந்திருக்கின்றேன். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் படிப்பு ஏறாதவர் என்பது.

இடையிலே பருத்தி வாணிகத்தில் இறங்கி நட்டமுற்றார். பின்னர், கோவையிலே கோப்பித் தொழிலால் உயர்ந்த ரொபேட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வண்டியை வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டியே யூனிவேர்சல் மோட்டார் சேர்விஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. குறித்த மணிக்கு வண்டி புறப்பட்டாக வேண்டும் என்பதிலே அவர் கடுமையாக நின்றார். மலைப்பக்கத்துப் பஸ் வண்டிக்காக ஒரு மணி நேரம் மழையிற் காத்து நின்ற எவருக்கும் இதன் அருமையை நான் விரிக்க வேண்டுவதில்லை.

வண்டி பெருகவே பட்டறையும் பெருகிற்று. பட்டறை பெருகவே கைத்திறன் உடையாரும் பெருகினர். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் எழுந்தது. ஆழ்கிணறுகளையே நம்பியிருந்த அந்நாட்டு உழவருக்கு நீர் இறைக்கப் பொறி வேண்டியிருந்தது. அது கடல் கடந்தே வரவேண்டிய காலம். பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937இல் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே செய்தளித்தார். பம்பும் மோட்டாரும் வண்டி உறுப்புகளும் செய்யும் இன்றைய கோவைக்கு இது தொடக்கங்களுள் ஒன்று. சவரப் பொறி, மலிவான வானொலிப் பெட்டி என்று அவர் செய்தவை இன்னும் பல. அவற்றை அடுக்கின் இடம் போதாது.

1945இல் ஆளுநர் ஆதர் ஹோப்பின் பெயரால் கோவையிலே தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது; அதன் முதல்வரும் அவரே. பொறியியலுக்கு நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டே அமையும் என்று வாதிட்டார். அரசு இணங்காமையால் பதவியைத் துறந்தார். இதில் அவர் கூற்று முழுவதும் எனக்கு உடன்பாடன்று. அணையும் பாலமும் கட்டுவோர்க்கு ஆழ்ந்த கணிதம் வேண்டும். 1964இல் பேராதனைக்கு வந்த நம் பொறியியற் பீடம் நான்காண்டு பயிற்றுவது தக்கதே. ஆனால் பட்டறைக்குச் செல்லும் கைகளை நான்காண்டு பலகைமுன் இருத்துவது தகாது என்ற அளவில் அவர் சொன்னது மெய்.

1952இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றைச் செய்தார். விலை 2000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்தார் கனவிலும் எண்ணாத பொருள் அவர் கைக்கு எட்டும் தொலைவில் வந்தது. எதனையும் செய்ய அரசின் உரிமம் வேண்டிய காலம் அது. உரிமம் கிட்டவில்லை, கார் நின்றது. அந்நியர் ஆட்சியிலே மின்மோட்டார் செய்தவர், சொந்த ஆட்சியிலே கார் செய்ய இயலாது போனமை எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

1974 ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவினாசி வீதியிலே 10 கிலோமீற்றர் நீளமாகக் கட்டப்பட்ட மேம்பாலம் 2025 ஒக்டோபரிலே திறக்கப்பட்டபோது அவர் பெயரைப் பெற்றது. அப்பாலம் செல்லும் வழியிலே ஹோப் காலேஜ் என்றொரு பஸ் தரிப்பிடம் உண்டு. கல்லூரி பெயர் மாறி வேறிடம் சென்று பல்லாண்டாயினும், நடத்துனரிடம் அப்பெயர் சொல்லியே மக்கள் இன்றும் சீட்டு வாங்குகின்றனர்.