கடலே பார்க்காத பொண்ணு

'கோர்' வேலை கிடைக்குமான்னு கவலையா இருக்கீங்களா? அப்போ ரேச்சல் கார்சன் கதையைக் கேளுங்க.

1907-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஊருக்குப் பக்கத்தில் கடலே இல்லை. கல்லூரியில் முதலில் எடுத்தது ஆங்கில இலக்கியம். பாதியில் உயிரியலுக்கு மாறினார். கடலை முதன்முதலாகப் பார்த்தது 1929-ல், டிகிரி முடித்த பிறகுதான்!

பணமில்லாமல் பிஎச்.டி.யைப் பாதியில் விட்டார். 1935-ல் அப்பா இறந்துவிட, வீட்டுப் பாரம் இவர் தலையில். மீன்வளத் துறைக்காக ரேடியோ நிகழ்ச்சி எழுதும் தற்காலிக வேலை கிடைத்தது. மொத்தம் 52 நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் ஏழு நிமிஷம். இலக்கியத்தை விட்டு வந்தவருக்கு எழுத்துதான் சோறு போட்டது பாருங்க! மறுவருஷமே அரசுத் தேர்வில் மற்றவர்களை முந்தி, அங்கேயே நீர்வாழ் உயிரியலாளர் ஆனார். 1937-ல் அக்காவும் போய்விட்டார். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் இவர் வீட்டுக்கே வந்தார்கள்.

பகலில் ஆபீஸ், ராத்திரியில் எழுத்து. உலகப் போர் சமயத்தில், பழகிய மீனையே தேடாமல் ஜனங்கள் அதிகம் வாங்காத மீன்களையும் சமைக்கச் சொல்லிக் கையேடுகள் எழுதினார். மீன்வள மேலாண்மைன்னா இதுவும்தான்.

1951-ல் வந்த அவருடைய கடல் புத்தகம் 86 வாரம் விற்பனைப் பட்டியலில் நின்றது. அடுத்த வருஷம்தான் தைரியமாக வேலையை விட்டார். பூச்சிக்கொல்லிகளை எதிர்த்து 'மௌன வசந்தம்' எழுதியபோது உடம்பில் புற்றுநோய். 1964-ல், 56 வயதில் இறந்தார். அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது 1972-ல்.