கல்கத்தா கல்லறையில் பல்லாவரத்துக் கல்!

குன்றத்தூரில் இருந்து பல்லாவரம் ரோட்டில் தினமும் பஸ்சில் போகிறவர்கள் பல்லாவரத்துக் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கருங்கல்லுக்கு உலகம் முழுவதும் ஒரே பெயர்: சார்னோக்கைட். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஒரு வெள்ளைக்காரரின் பெயர் அது!

யார் இவர்?

அவர் பெயர் ஜாப் சார்னாக். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக 1650-களில் வங்காளம் வந்தவர். பாட்னாவில் சுமார் 20 ஆண்டு வெடியுப்பு கொள்முதல் செய்தார். வெடிமருந்துக்கு வேண்டிய சரக்கு. கம்பெனிக்கு நல்ல லாபம்.

அங்கே உடன்கட்டை ஏற இருந்த ஓர் இந்து விதவையைக் காப்பாற்றி மனைவியாக்கிக் கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அவள் இறந்த பிறகு ஆண்டுதோறும் அவள் சமாதியில் சேவல் பலி கொடுத்தாராம். அக்காலத்துக் கப்பல்காரர் ஒருவர் எழுதி வைத்தது இது.

சென்னைக்கு வந்தார்

1686-ல் ஹூக்ளியில் மொகலாய அதிகாரிகளோடு சண்டை மூண்டது. கம்பெனிக்காரர்கள் வங்காளத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. 1689-ல் சார்னாக் சென்னையில் இருந்தார். அவருடைய 3 மகள்களுக்கும் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில் அந்த ஆண்டு ஆகஸ்டில் ஞானஸ்நானம் நடந்தது. அப்போது கவர்னர் எலிஹு யேல்.

மறு ஆண்டு, 24-8-1690 அன்று கொட்டும் மழைக்காலத்தில், சுதாநுதி என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் போய் இறங்கினார். அந்தக் கிராமமும் பக்கத்து 2 கிராமங்களும் சேர்ந்துதான் பிற்பாடு கல்கத்தா ஆனது. அந்த வளர்ச்சியை அவர் பார்க்கவில்லை. 1693 ஜனவரியில் இறந்து போனார்.

எட்டுப் பட்டை மண்டபம்

மருமகன் சார்லஸ் அயர் அவருக்குக் கல்லறை கட்டினார். எட்டுப் பட்டை மண்டபம், வளைவு வாசல்கள், மேலே ஒரு சின்ன அடுக்கு, அதன் மேல் கும்பம். புதைக்கப்பட்டவர் இங்கிலீஷ்காரர், கட்டடமோ நவாப் சமாதி மாதிரி! உள்ளே லத்தீன் எழுத்து செதுக்கிய கரும்பலகைக் கல். 1697-ல் இறந்த மகள் மேரிக்கும் அங்கேயே கல் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்தில் இன்றும் பார்க்கலாம்.

வங்காளத்தின் அந்தப் பகுதி முழுவதும் வண்டல் மண். பலகைக் கல்லுக்கு எங்கே போவது? சென்னைப் பக்கத்தில் இருந்துதான் போயிருக்கிறது.

கண்டுபிடித்தவர்

200 ஆண்டு கழித்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் நிபுணர் அந்தக் கல்லைச் சோதித்தார். பரங்கிமலை, பல்லாவரம் பாறையும் இதுவும் ஒரே ரகம் என்று கண்டார். 1893-ல் சார்னாக் பெயரையே அதற்கு வைத்தார்.

கல்கத்தாவை நிறுவியவர் சார்னாக் அல்ல என்று 2003-ல் கல்கத்தா ஐகோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தப் பட்டம் போயிற்று. கல்லில் மட்டும் பெயர் நிலைத்துவிட்டது.

நம் குன்றுகளின் பெரும் பகுதி ஜல்லியாக உடைபட்டு ரோட்டுக்கும் வீட்டுக்கும் போய்விட்டது. பரங்கிமலைப் பாறையை மட்டும் தேசியப் புவியியல் சின்னம் என்று மத்திய அரசின் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது.

கல்லறையில் சார்னாக் பெயர் இருக்கிறது, மகள் பெயர் இருக்கிறது. குன்றில் அந்தப் பலகையைப் பிளந்து எடுத்த கல் தச்சர் பெயர்தான் அங்கே இல்லை.